தறிச்சத்தத்தில் தொலைந்த ‘காசு’: சோமனூரிலிருந்து ஓலப்பாளையம் வரை அப்புச்சியோடு ஒரு பயணம்

“உங்க அப்புச்சிக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாயிடுச்சு அம்மிணி. காலைல சொன்னது மத்தியானம் ஞாபகம் இருக்கறதில்ல.”

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா என்னிடம் சொன்னது இது. அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஒரு பக்கம் டிவி, இன்னொரு பக்கம் பட்டாசு. பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிய அப்புச்சியைப் பார்த்து அமுச்சி உள்ளேயிருந்து கேட்டார், “ஏனுங்க, காசு வேணுங்களா?”

அப்புச்சி கொஞ்சம் கோபமாகவே பதில் சொன்னார். “காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. அதுக்கென்ன இப்ப?”

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அப்புச்சி மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவரும் சும்மா சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு என்னமோ போல இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸில் ஒரு வீடியோவுக்காக, காதும் மூளையும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். நரம்பியல் விஞ்ஞானிகள் எழுதியதைப் படிக்கப் படிக்க, அந்தத் திண்ணைதான் கண்முன் வந்தது. அப்புச்சி மறக்கவில்லையோ, அவருக்குச் சரியாகக் கேட்கவே இல்லையோ என்று முதன்முறையாகச் சந்தேகம் வந்தது.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டேன். “அப்புச்சி, நீங்க தறி ஓட்டுன ஊரையெல்லாம் ஒருக்கா சுத்திட்டு வரலாம், வர்றீங்களா?” என்று போனில் கேட்டேன். மூன்று முறை சொன்ன பிறகு, “வர்றேன் சாமி” என்றார்.

காந்திபுரம்: பஸ்ஸுக்குள் ஒரு பரீட்சை

கோவைக்கு ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்ற பெயர் உண்டு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1888-ல் இங்கே முதல் நூற்பாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் வீட்டில் உலை வைத்தோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம் என்று சொல்லும் பெரியவர்கள் சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சத்தத்தால் நேரம் பார்த்த ஊர் இது.

அவிநாசி ரோட்டில் பஸ் கிளம்பியது. இன்ஜின் சத்தம், ஹாரன், டிரைவர் போட்டிருந்த பாட்டு. கண்டக்டர் வந்து, “எங்கீங்க ஐயா?” என்றார். அப்புச்சி பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். கண்டக்டர் மறுபடி கேட்டார். அப்புச்சி என்னைப் பார்த்தார். “சோமனூர் ரெண்டுங்ணா” என்றேன் நான். அதற்குப் பிறகு சோமனூர் வரும்வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதே அப்புச்சி, அமைதியான வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகப் பேசுவார். அதனால்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ‘தேவைப்பட்டா கேக்கும், தேவையில்லேன்னா கேக்காது’ என்று கிண்டல் வேறு.

எனக்குப் பக்கத்து சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள். காதில் இயர்போன். பஸ் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்கவேண்டும் என்பதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எனக்கே அவர்கள் பாட்டு கேட்டது. நானும் தினமும் செய்வதுதான். உலகம் முழுக்க நூறு கோடிக்கும் அதிகமான இளைஞர்கள் இப்படிப் பாட்டு கேட்டே காதுக்கு ஆபத்து தேடிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சோமனூர்: எட்டுத் தறியில் எது சரியில்லை?

கருமத்தம்பட்டியில் திரும்பிச் சோமனூருக்குள் நுழைந்தால், கண்ணை மூடிக்கொண்டே ஊரைச் சொல்லிவிடலாம். ‘டக்கடி டக்கடி’ என்று வீதிக்கு வீதி விசைத்தறிச் சத்தம். சோமனூர், பல்லடம், அவிநாசி, மங்கலம் என்று இந்த வட்டாரம் முழுக்கக் கூலிக்கு நெய்யும் தறிக்குடோன்கள். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடக்கும் நாள்களில் மட்டும்தான் ஊர் அமைதியாக இருக்கும்.

“அப்பத்தானுங்க எங்களுக்குத் தூக்கமே வராது. தறி நின்னா காதுக்குள்ள ‘ஙொய்ங்’னு ஒண்ணு கேக்கும். தறி ஓடறப்ப அது தெரியாது” என்றார் ஒரு குடோனில் வேலை செய்யும் அக்கா. அப்புச்சி பழைய ஆள் என்பதால் எங்களை உள்ளே விட்டார்கள்.

உள்ளே எட்டுத் தறிகள். நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்து அனுப்பும் கட்டை, போய் மோதி நிற்கும் நாடா. நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் ஒவ்வொரு தறியிலும் இது நடக்கிறது. தகரக் கூரையும் சிமென்ட் சுவரும் அந்தச் சத்தத்தைத் திருப்பி நம்மேலேயே எறிகின்றன. என் போனில் இருந்த ஆப் 90 டெசிபலைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது. போன் ஆப் துல்லியமானது இல்லைதான். ஆனால் பக்கத்தில் நின்றவர் கத்தியும் எனக்குக் கேட்கவில்லை என்பதே போதுமான அளவுகோல்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2, 94-ல் 1. நூறு டெசிபலில் வெறும் 15 நிமிடம். அப்புச்சி இதுபோன்ற குடோன்களில் முப்பத்தைந்து வருடம், ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்.

யாரும் காதடைப்பான் போடவில்லை. “போட்டா தறி பேசறது கேக்காதுங்களே” என்றார் அந்த அக்கா. நான் சிரித்தேன். ஆனால் அடுத்த நிமிடமே அதன் அர்த்தம் புரிந்தது.

அதுவரை சும்மா நின்றிருந்த அப்புச்சி கையைத் தூக்கி, ஜன்னல் ஓரத் தறியைக் காட்டினார். உதட்டை அசைத்து, விரலால் ஏதோ சைகை செய்தார். அக்கா ஓடிப்போய்த் தறியை நிறுத்திப் பார்த்தார். நாடாவை அடிக்கும் பக்கத்தில் ஒரு பட்டை தளர்ந்திருந்தது. எட்டுத் தறி ஒரே நேரத்தில் ஓடும் இரைச்சலில், ஒரு தறியின் சத்தம் இம்மி அளவு மாறியதை அவர் கண்டுபிடித்துவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டது புரியாத அதே காது.

அவர்கள் பேசிக்கொண்ட அந்த உதட்டசைவுப் பேச்சு இந்த ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. நிஜ மான்செஸ்டர் இருக்கும் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்திலும் மில் தொழிலாளர்கள் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மீ-மா’. துணி மட்டுமல்ல, காது போன கதையும் இரண்டு மான்செஸ்டருக்கும் பொது.

மூளை தேர்ந்தெடுத்துக் கேட்கிறது

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தபோது, படித்ததை எல்லாம் அப்புச்சிக்குச் சொல்ல முயன்றேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நார்மன் வைன்பெர்கர் என்ற நரம்பியல் விஞ்ஞானி இருந்தார். மூளையில் ஒலியைக் கையாளும் பகுதி, கற்றுக்கொள்ளும்போது மாறுகிறதா என்பது அவர் கேள்வி. கினிப்பன்றிகளுக்கு ஒரு குறிப்பிட்ட சுருதியை ஒலிக்கவிட்டு, கூடவே லேசான மின்அதிர்ச்சி கொடுத்தார். சில முறை நடந்ததும், அதுவரை வேறு சுருதிகளுக்கு அதிகமாகப் பதில் கொடுத்துவந்த மூளைச் செல்கள், இந்தச் சுருதிக்கு அதிகமாகப் பதில் கொடுக்கத் தொடங்கின. எந்தச் சத்தம் வாழ்க்கைக்கு முக்கியமோ அதற்கு ஏற்ப மூளை தன்னைச் சுருதி சேர்த்துக்கொண்டது. வானொலிப் பெட்டியில் குமிழைத் திருகுவது போல.

அப்புச்சியின் மூளையும் அப்படித்தான். தறி நின்றால் கூலி போகும். நூல் அறுந்தது தெரியாமல் ஓடினால் துணி பாழாகும். அதனால் தறிச் சத்தத்தின் நுணுக்கம் அவர் மூளையில் நன்றாகப் பதிந்துவிட்டது.

அப்படியென்றால் ‘காசு’ ஏன் ‘காது’ ஆனது?

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதற்குள் நுண்ணிய முடிகளைக் கொண்ட செல்கள், காதுக்குச் சுமார் 15,000. கண்ணில் கோடிக்கணக்கில் செல்கள் இருப்பதோடு ஒப்பிட்டால் இது ரொம்பவும் சின்ன முதல். பெரிய சத்தத்தில் இவை அழிகின்றன. அதிலும் முதலில் அடிவாங்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதிகளுக்கான செல்கள். பேச்சில் ‘ஆ’, ‘ஓ’, ‘உ’ போன்ற உயிரொலிகள் பெரும்பாலும் கீழ்ச் சுருதியில், பலமாக இருக்கும். ‘ச’ போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் மேல் சுருதியில் இருக்கும். அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. ‘காசு’வில் ‘கா’ வந்துசேரும், ‘சு’ வழியிலேயே தொலையும். மிச்சத்தை மூளை ஊகித்துக்கொள்ளும்.

2009-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மேன் இருவரும் இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். எலிகளை இரண்டு மணி நேரம் பெரிய சத்தத்தில் வைத்தார்கள். அவற்றின் கேட்கும் திறன் கொஞ்ச நாளில் பழைய நிலைக்குத் திரும்பியது. முடி செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அந்தச் செல்களையும் செவிநரம்பையும் சேர்க்கும் இணைப்புகளில் பெரும்பகுதி நிரந்தரமாக அறுந்துபோயிருந்தது. பாவு நன்றாக இருந்து, முடிச்சுகள் மட்டும் அவிழ்ந்தது போல. இப்படிப்பட்ட சேதம் சாதாரணக் காதுப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அமைதியான அறையில் ‘பீப்’ சத்தம் கேட்கும். கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரியாது. மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

அந்த அக்கா சொன்ன ‘ஙொய்ங்’ சத்தத்துக்கும் இதோடு தொடர்பு உண்டு. காதிலிருந்து வரும் செய்தி குறைந்தால், மூளை தன் பங்குக்கு ஒலியைக் கூட்டிவைக்கிறது, அப்போது இல்லாத சத்தமும் கேட்கிறது என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள்.

அப்புச்சி டீயைக் குடித்துவிட்டுக் கேட்டார், “அப்ப இது திரும்ப வராதா கண்ணு?”

நான் பதில் சொல்லாமல் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

பல்லடம்: கோழிக்குக் கிடைத்த வரம்

காரணம்பேட்டை வழியாகப் பல்லடம் போனோம். பல்லடத்துக்கு இரண்டு முகம். ஒன்று தறி, இன்னொன்று கறிக்கோழி. தென்னிந்தியாவில் கறிக்கோழிப் பண்ணைத் தொழில் வேரூன்றிய ஊர்களில் முக்கியமானது இது. கறிக்கோழி விலைச் செய்தியில் தினமும் அடிபடும் பெயரும் இதுதான். ரோட்டின் இந்தப் பக்கம் தறிக்குடோன் சத்தம், அந்தப் பக்கம் நீளமான கோழிக் கொட்டகை.

அப்புச்சியின் கேள்விக்குப் பதில் அந்தக் கொட்டகையில்தான் இருந்தது.

1980-களில் அமெரிக்க விஞ்ஞானிகள் கோழிக்குஞ்சுகளையும் காடைகளையும் பெரிய சத்தத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். எதிர்பார்த்தபடியே உள்காதின் முடி செல்கள் அழிந்தன. எதிர்பாராதது அடுத்து நடந்தது. சில நாள்களில் அதே இடத்தில் புதிய செல்கள் முளைத்தன. 1988-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. கோழிக்குஞ்சைப் பற்றி ஜெஃப்ரி கார்வினும் டக்ளஸ் கொட்டான்ஷும் எழுதினார்கள். வளர்ந்த காடையைப் பற்றி பிரெண்டா ரயல்ஸும் எட்வின் ரூபலும் எழுதினார்கள். பறவைகளின் காதில், செத்த செல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் துணைச் செல்கள் பிரிந்து புதிய முடி செல்களாகின்றன. பாலூட்டிகளுக்கு, அதாவது எலிக்கும் நமக்கும், அந்த வரம் இல்லை. கோழியின் காது இதை எப்படிச் செய்கிறது, மனிதக் காதையும் அப்படிச் செய்ய வைக்க முடியுமா என்று இன்றும் பல ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

இதைச் சொன்னதும் அப்புச்சி கோழிக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார், “நாப்பது நாள்ல குழம்புக்குப் போறதுக்கு எதுக்குச் சாமி அத்தன நல்ல காது?”

சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. பல தறிக்குடோன்கள் நாலைந்து பேர் வேலை செய்யும் குடும்பக் கூடங்கள். தொழிற்சாலைச் சட்டங்களின் கணக்குக்குள் வருமளவுக்கு ஆள் எண்ணிக்கையே அங்கே இருக்காது. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு, அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அப்புச்சியின் காதை முப்பத்தைந்து வருடத்தில் யாரும் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை.

ஓலப்பாளையம்: மறதியே இல்லாத ஊர்

பல்லடத்திலிருந்து காங்கேயம், அங்கிருந்து இன்னொரு பஸ். தறிச் சத்தம் குறைந்து, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள் வந்தன. காங்கேயம் மாடுகள் நின்றுகொண்டிருந்தன. இந்தப் பக்கம் வரவேண்டும் என்றது அப்புச்சிதான். சின்ன வயதில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு வந்திருக்கிறாராம். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. நினைவைப் பற்றிப் பேசுவதற்குக் கொங்கு நாட்டில் ஓலப்பாளையத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வு மாணவி இந்தச் சின்ன ஊரில் வந்து தங்கினார். கொங்கு மக்களின் ‘அண்ணன்மார் கதை’யை ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் இங்கே 18 இரவுகள் பாடினார். பெக் அதை டேப்பில் பதிவு செய்தார். பொன்னர், சங்கர், தங்காள், கொம்பன் பன்றி என்று பல தலைமுறை நீளும் கதை. பாடகர் கையில் ஏடு கிடையாது, எல்லாம் நினைவிலிருந்து. பிறகு அதே பாடகர் அதே கதையை எழுதிக்கொள்வதற்காகத் தனியாகச் சொன்னார். இரண்டும் ஒரே கதை, ஆனால் ஒன்றுபோல இல்லை. அவர் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கவில்லை. உடுக்கையின் தாளமும், எதிரே உட்கார்ந்து கேட்கும் கூட்டமும் சேர்ந்து கதையை ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து புதிதாகக் கட்டின. 1982-ல் ‘தி த்ரீ ட்வின்ஸ்’ என்ற புத்தகத்தில் பெக் இதை விரிவாக எழுதினார்.

தாளம் எப்படி நினைவுக்கு உதவுகிறது? ஜெசிக்கா கிரான், மேத்யூ பிரெட் என்ற ஆய்வாளர்கள் 2007-ல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தாளத்தைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கைகால் அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. தாளம் அடுத்து என்ன வரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்கவைக்கிறது. உடுக்கையோடு கேட்ட கதை மறக்காமல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஊருக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். காற்றும் எங்கேயோ ஒரு குயிலும் தவிர வேறு சத்தமில்லை. “அப்புச்சி, அண்ணன்மார் கதை உங்களுக்குத் தெரியுமா?” என்றேன். ஒரே தடவையில் கேட்டுவிட்டது.

குன்னுடையான் அநாதையாகத் திரிந்ததில் ஆரம்பித்தார். தாமரையின் தவம், பிள்ளைகள் பிறந்தது, பங்காளிச் சண்டை, கொம்பன், வீரப்பூர்ப் படுகளம். ஒன்றரை மணி நேரம். ஒரு பெயர் பிசகவில்லை. நடுநடுவே இரண்டு விரலால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு வயதில், கோயில் வாசலில் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட கதையாம்.

இவருக்கா மறதி?

அப்போதுதான் இன்னொரு ஆய்வு ஞாபகம் வந்தது. 1968-ல் பேட்ரிக் ரேபிட் என்ற பிரிட்டிஷ் உளவியல் ஆய்வாளர், எண்களை இரைச்சலுக்கு நடுவே படித்துக்காட்டி நினைவில் வைக்கச் சொன்னார். ஒவ்வோர் எண்ணையும் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடிந்தவர்களால்கூட, பிறகு அவற்றை நினைவுபடுத்திச் சொல்லும்போது தடுமாற்றம் வந்தது. காரணம் எளிது. ‘என்ன சொன்னாங்க?’ என்று கண்டுபிடிப்பதிலேயே மூளையின் சக்தி செலவாகிவிட்டால், சேமித்துவைக்க மிச்சம் இருக்காது. காலையில், டிவிக்கும் மிக்ஸிக்கும் நடுவே, முதுகுப் பக்கமிருந்து பெரியம்மா சொன்னது அப்புச்சியின் நினைவுக்குள் போகவே இல்லை. போகாததை எங்கிருந்து எடுப்பார்?

மறுபடியும் பழகும் மூளை

அடுத்த வாரமே காதுப் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கவேண்டும். வரைபடத்தில் கீழ்ச் சுருதியில் ஓரளவு நேராக வந்த கோடு, 3,000-லிருந்து சரிந்து 4,000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்திருந்தது. “தறி ஓட்டுனீங்களா ஐயா?” என்று அந்தக் கேட்பியல் நிபுணர் நாங்கள் சொல்வதற்கு முன்பே கேட்டார்.

காது மிஷின் வாங்கினோம். கண்ணாடி போட்டதும் பார்வை தெளிவது போல உடனே நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. முதல் வாரம், தட்டு வைக்கும் சத்தம்கூட இடி போல இருக்கிறது என்று மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பல வருடமாக வராமலிருந்த ஒலிகள் திடீரென்று வரும்போது மூளை திணறும். எது முக்கியம், எதை ஒதுக்கலாம் என்று அது மறுபடியும் பழகவேண்டும். அதற்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை ஆகலாம். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு, பிறகு இரண்டு பேரோடு, அப்புறம் கடைவீதி என்று மெல்ல மெல்லக் கூட்டச் சொன்னார்கள்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் விஞ்ஞானி நீனா கிராஸ், தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு மூளை தரும் மின்பதிலைப் பதிவு செய்கிறார். ஓர் எழுத்தைக் காதில் ஒலித்தால், மூளையின் மின்னலை அந்த எழுத்தின் ஒலியலையைப் போலவே இருக்கும். அதை ஸ்பீக்கரில் போட்டால் அந்த எழுத்தே கேட்கும்! சிறுவயதில் சில வருடங்கள் இசை கற்றவர்களுக்கு, பெரியவர்களான பிறகும் இந்தப் பதில் தெளிவாக இருப்பதை 2012-ல் அவர் குழு காட்டியது. நாம் வாழ்நாள் முழுக்க எதைக் கேட்டோமோ அது மூளையில் தடம் பதிக்கிறது. பாட்டு பதிக்கும், இரைச்சலும் பதிக்கும்.

செவித்திறன் இழப்பைக் கவனிக்காமல் விடுவது, முதுமையில் வரும் நினைவாற்றல் நோய்க்கான ஆபத்துக் காரணங்களில் ஒன்று என்று ‘லான்செட்’ இதழ் அமைத்த நிபுணர் குழு சொல்கிறது. 2023-ல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையிலான 977 பேரிடம் மூன்று வருடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது காது மிஷினால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த பிரிவினருக்கு, சிந்தனைத் திறன் குறையும் வேகம் 48 சதவிகிதம் மட்டுப்பட்டது. மிஷின் மந்திரம் இல்லை. ஆனாலும் பேச்சுக்குள் ஒருவரைத் திரும்பக் கொண்டுவருவது சின்ன விஷயமும் இல்லை.

உங்கள் வீட்டிலும் தறியிலோ, மில்லிலோ, லேத் பட்டறையிலோ வருடக்கணக்கில் நின்ற ஒருவர் இருக்கலாம். கூட்டத்தில் அவர் பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்தால், சம்பந்தமில்லாத பதில் சொன்னால், ‘மறதி’ என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை காதைச் சோதித்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் பரிசோதனை செய்கிறார்கள். மாற்றுத்திறனாளி சான்று பெற்றவர்களுக்கு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகக் காது மிஷினும் கிடைக்கிறது. பேசும்போது கத்தாதீர்கள். டிவியை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேரே வந்து, நிதானமாகச் சொல்லுங்கள். இன்னும் தறியில் நிற்பவர் என்றால், பஞ்சை அடைப்பதைவிட மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பான் மேல். தறியின் பேச்சு அப்போதும் கேட்கும். அது அவ்வளவு பெரிய சத்தம்.

நானும் இயர்போன் சத்தத்தைப் பாதிக்குக் கீழே வைத்துவிட்டேன். பஸ்ஸில் போட்டுக்கொள்வதே இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்புச்சி சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், காதில் மிஷின். உள்ளேயிருந்து அமுச்சி, மிக்ஸி ஓட ஓட, “ஏனுங்க, காசு வேணுங்களா?” என்றார்.

அப்புச்சி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரும்பிச் சொன்னார், “ஐந்நூறு எடு. போன தீபாவளிக்குக் கேட்டியே, அதையும் சேத்துக் குடு!”